நான் நானாக இருக்கும் நேரம்

நமக்குள் உண்மையான ஓர் ஆள் இருக்கிறார். வீடு, பள்ளிக்கூடம், சாதி, வேலை, ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்து அவரை மூடி வைத்திருக்கின்றன. மூடியிருப்பதை விலக்கினால் அவர் வெளியே வருவார். ஏறத்தாழ எல்லோரும் மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்ட சித்திரம் இது. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. சினிமா நாயகர்கள் இடைவேளைக்குப் பிறகு அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சித்திரத்துக்குள் சோதித்துப் பார்க்கக்கூடிய சில கூற்றுகள் இருக்கின்றன. அந்த உள் ஆள் காலத்தால் பெரிதும் மாறாதவர். உள்நோக்கிப் பார்த்தால் தெரியக்கூடியவர். அவர் சொற்படி நடக்கும்போது 'இதுதான் நான்' என்ற உணர்வு எழும். கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளர்கள் இவை ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கிடைத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: 'நான் நானாக இருக்கிறேன்' என்பது உள்ளே புதைந்த பொருள் ஒன்றைப் பற்றிய செய்தி அல்ல; ஒரு மனிதருக்கும் அவர் வாழும் சூழலுக்கும் இடையிலான பொருத்தத்தைப் பற்றிய செய்தி. ஆகவே அது கிடைக்காதபோது காரணத்தை உள்ளே மட்டும் தேடுவது பாதித் தேடல்தான்.

உள்நோக்கிப் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 120 பேரிடம் இரண்டிரண்டாகப் பெண்களின் முகப்படங்களைக் காட்டி, யார் அதிக ஈர்ப்புடையவர் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில முறை, தேர்ந்தெடுத்த படத்தைக் கையில் கொடுத்து, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அவற்றில் சிலவற்றில் மட்டும், மேசை வித்தைக்காரரின் கைலாவகத்தோடு படத்தை மாற்றி, வேண்டாம் என்று விட்ட படத்தைக் கொடுத்தார்கள். அந்த இடத்திலேயே மாற்றத்தைக் கண்டுகொண்டது ஏறத்தாழ 13 விழுக்காடு முறைகளில்தான். பின்னால் சந்தேகம் தெரிவித்தவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு கால்வாசியை ஒட்டியே நின்றது. மற்றவர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்தைப் பார்த்துக்கொண்டே, அதைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களைச் சரளமாகச் சொன்னார்கள். கையில் இருந்த படத்தில் மட்டுமே இருந்த காதணியைக் காரணமாகச் சொன்னவரும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் மனத்தைப் படித்துச் சொல்வதாகவே நம்பினார்கள்.

இதற்கு முன்னோடியான ஒரு காட்சி 1970களில் அமெரிக்காவில் கிடைத்திருந்தது. கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு, பேச்சை ஆளும் இடது மூளைக்கு மட்டும் தெரியும்படி கோழிக்கால் படத்தையும், பேச முடியாத வலது மூளைக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். எதிரே இருந்த படங்களில் பொருத்தமானதைச் சுட்டச் சொன்னபோது அவருடைய வலது கை கோழியைச் சுட்டியது. இடது கை மண்வாரியைச் சுட்டியது. பனியை அள்ளத்தான் மண்வாரி. ஆனால் பனியைப் பார்க்காத இடது மூளைதான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அது தயங்கவில்லை: கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது. கஸானிகா இந்தச் செயல்பாட்டுக்கு 'விளக்கம் சொல்பவர்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அறுவை சிகிச்சை ஆகாத மூளையிலும் அந்த விளக்கம் சொல்பவர் வேலையில்தான் இருக்கிறார் என்பது லுண்ட் ஆய்வின் பாடம். 'நான் யார்' என்று உள்ளே கேட்டால் பதில் சொல்ல முதலில் எழுந்து வருபவரும் அவர்தான்.

இந்த இடத்தில் ஓர் எல்லைக்கோடு போட வேண்டும், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும். இந்த ஆய்வுகள் தடுமாற்றத்தைக் காட்டுவது காரணங்களைச் சொல்வதில். அதுவும் பெரிதாக ஒன்றும் பணயத்தில் இல்லாத, நொடிப்பொழுதுத் தேர்வுகளில். பசிக்கிறது, வலிக்கிறது, இந்த மனிதரை நேசிக்கிறேன் என்பவற்றையும் மனிதர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று இவற்றிலிருந்து முடிவுகட்ட முடியாது. நமக்கு என்ன வேண்டும் என்பதைவிட அது ஏன் வேண்டும் என்பதில்தான் நாம் கதாசிரியர்கள்.

சரி, உள் ஆளைத் தெளிவாகப் பார்க்க முடியாவிட்டாலும் அவர் மாறாமல் அங்கே இருக்கலாமே. ஸ்காட்லாந்தில் 1950இல், 14 வயதுப் பிள்ளைகள் 1,208 பேரைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பீடு எழுதினார்கள்: தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலையின் சீர்மை, பொறுப்புணர்வு, புதிதாகச் சிந்திக்கும் இயல்பு, மேலே வர வேண்டும் என்ற ஆவல் என ஆறு குணங்கள். 2012இல் ஆய்வாளர்கள் அவர்களில் 174 பேரைக் கண்டுபிடித்து, 77 வயதை ஒட்டிய அவர்களிடமும் அவர்களை நன்கறிந்த ஒருவரிடமும் அதே குணங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஆறில் எதிலும் அன்றைய மதிப்பெண்ணுக்கும் இன்றைய மதிப்பெண்ணுக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. மனநிலைச் சீர்மையிலும் பொறுப்புணர்விலும் மட்டும் மெல்லிய சாயல். அன்று மதிப்பிட்டவர் ஆசிரியர், இன்று மதிப்பிடுபவர் வேறொருவர் என்ற குறை இந்த ஆய்வில் உண்டு. பத்து இருபது ஆண்டு இடைவெளியில் செய்யப்பட்ட ஆய்வுகள் கணிசமான நிலைத்தன்மையைக் காட்டுகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சிறுகச் சிறுகச் சேரும் மாற்றம் அறுபது ஆண்டுகளில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது ஒரு சான்று. நமக்கோ அந்த மாற்றம் வருவதே தெரிவதில்லை. 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஜோர்டி க்வாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், திமதி வில்சன் மூவரும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த பத்தாண்டுகளைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் நிறைய மாறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள்; அடுத்த பத்தாண்டுகளைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களோ அவ்வளவாக மாற மாட்டோம் என்றார்கள். எந்த வயதில் கேட்டாலும், இப்போதுதான் முழு உருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு.

மரபணுவை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் இங்கே குறுக்கிடலாம். நியாயமான கேள்வி. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆளுமைப் பண்புகளில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாடுகளில் சுமார் 40 விழுக்காடு மரபணு வேறுபாடுகளோடு தொடர்புடையது. கைக்குழந்தைகளிலேயே கூச்சமுள்ளதும் துள்ளலானதும் வேறுவேறாகத் தெரிகின்றன. ஆனால் மரபணு தருவது ஒரு சாய்வு, ஓர் ஆள் அல்ல. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃப்ளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளில் பலமுறை, வாரக்கணக்கில், 'இந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள்' என்று ஆட்களிடம் குறித்து வாங்கினார். அமைதியானவர் என்று பெயரெடுத்தவர் நாளின் ஏதோ ஒரு வேளையில் கலகலப்பாகவே இருந்தார். கலகலப்பானவர் ஒதுங்கியும் இருந்தார். ஒரே மனிதருக்குள் இருந்த ஏற்ற இறக்கம், மனிதருக்கு மனிதர் இருந்த வேறுபாட்டுக்குச் சற்றும் சளைத்ததல்ல. வாரத்துக்கு வாரம் மாறாமல் நின்றது அவரவர் சராசரிதான். அந்தச் சராசரியை 'உண்மையான நான்' என்று யாரும் கொண்டாடுவதில்லை. சோம்பலும் எரிச்சலும் மரபணுவில் பங்குள்ளவைதான். எரிந்துவிழுந்தபின் 'நான் நானாக இல்லை, மன்னித்துவிடு' என்றுதானே சொல்கிறோம்?

இந்தக் கேள்வி நம்மை மூன்றாவது கூற்றுக்குக் கொண்டுவருகிறது. ஆய்வுகளில் எனக்கு மிகவும் வியப்பூட்டுபவை இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஃப்ளீசனும் ஜோஷுவா வில்ட்டும் 2010இல், மனிதர்கள் எப்போது தங்களை அசலாக உணர்கிறார்கள் என்று பார்த்தார்கள். கூச்ச சுபாவக்காரர் ஒதுங்கியிருக்கும்போதும், சண்டைக்காரர் சண்டை போடும்போதும் அசலாக உணர வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கிடைத்ததோ வேறு. தங்கள் வழக்கமான குணம் எதுவாக இருந்தாலும், கலகலப்பாக, இணக்கமாக, பொறுப்பாக, பதற்றமின்றி நடந்துகொண்ட வேளைகளில்தான் எல்லாருமே அதிகம் அசலாக உணர்ந்தார்கள். வேறு சொற்களில் சொன்னால், நன்றாக நடந்துகொண்டபோது அது நான். மோசமாக நடந்துகொண்டபோது அது நான் அல்ல. கண்ணாடி என்று நாம் நம்பியிருந்தது தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தீர்ப்பை மற்றவர்களுக்கும் எழுதுகிறோம். ஜார்ஜ் நியூமன், பால் புளூம், ஜோஷுவா நோப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன்பால் ஈர்ப்பை உணர்ந்தபடியே அது தவறு என்று நம்பும் ஒருவரைப் பற்றிய கேள்வியும் இருந்தது. அவருடைய உண்மையான சுயம் எது, ஈர்ப்பா, நம்பிக்கையா? தாராளவாதிகள் ஈர்ப்பு என்றார்கள். பழமைவாதிகள் அப்படிச் சொல்ல அவ்வளவாக முன்வரவில்லை. மொத்தத்தில், தங்களுக்கு நல்லதாகப் பட்டதையே ஒவ்வொரு தரப்பும் அடுத்தவரின் உள்ளத்தில் குடியமர்த்தியது. இது அமெரிக்கர்களின் தனிப்பழக்கமும் அல்ல. ரஷ்யா, சிங்கப்பூர், கொலம்பியாவிலும் மனிதரின் ஆழத்தில் இருப்பது நல்லதே என்ற நம்பிக்கை அதேபோல் வெளிப்பட்டதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் 2015இல் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் கேட்டது இதைவிடக் கூர்மையானது. அல்சைமர் நோய், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய், உடலியக்கத்தை முடக்கும் ஏஎல்எஸ் நரம்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 248 பேர் அதில் பங்கேற்றார்கள். 'இவர் இப்போது அந்தப் பழைய ஆளே இல்லை' என்று குடும்பத்தார் உணர்ந்தது நினைவு தப்பியதால் அல்ல. இரக்கம், நேர்மை போன்ற அறப்பண்புகள் குலைந்தபோதுதான். அதனால்தான் முன்மூளை மறதிநோயில் அந்த உணர்வு மிக அதிகமாக இருந்தது; உடல் முற்றாக முடங்கினாலும் குணம் பெரும்பாலும் மாறாத ஏஎல்எஸ் நோயில் மிகக் குறைவாக இருந்தது.

அப்படியானால் 'நானாக வாழ்வது' என்பதே வெறும் சுயபுகழ்ச்சிதானா? இங்கே ஒரு கனமான எதிர்வாதம் காத்திருக்கிறது. தன்பால் ஈர்ப்புள்ளவர்களும் திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்களை மறைத்து வாழ்வதை ஒரு நரகம் என்று சொல்கிறார்கள். உள்ளே மாறாத ஒன்று இல்லையென்றால் அவர்கள் எதை மறைத்தார்கள், எதை மீட்டார்கள்? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது காரணத்தைப் பற்றிய கதை அல்ல. நீண்ட காலம் மாறாமல் நிற்கும் உணர்வைப் பற்றிய செய்தி. முன்பு போட்ட எல்லைக்கோடு இங்கேதான் பயன்படுகிறது. மறைப்பதன் விலைக்கோ உடலிலேயே சான்று உண்டு. கலிஃபோர்னியாவில் ஸ்டீவ் கோலும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எச்ஐவி தொற்றுள்ள, மற்றபடி நலமாக இருந்த தன்பால் ஈர்ப்பு ஆண்கள் 80 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தங்கள் அடையாளத்தை எந்த அளவுக்கு மறைத்தார்களோ அந்த அளவுக்கு நோய் வேகமாக முற்றியது. எச்ஐவி தொற்று இல்லாத 222 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில், மறைத்து வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோயும் தொற்றுநோய்களும் அதிகமாக வந்திருந்தன. மறைத்தவர்களும் மறைக்காதவர்களும் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கலாம் என்பதால் இது முடிந்த முடிவல்ல. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் 'சாதாரணமாக'த் தெரிவதற்காக நாள் முழுக்கப் போடும் வேடம் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளும் இதே திசையில்தான் கை காட்டுகின்றன: களைப்பு, பதற்றம், மனச்சோர்வு.

வேடம் என்றாலே கேடு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதிய நூலில் இரண்டு வகை நடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எரிந்துகொண்டு முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொள்வது ஒன்று. கத்தும் பயணி ஏதோ பயத்தில் இருக்கிறார் என்று எண்ணி, உணர்வையே மாற்றிக்கொண்டு சிரிப்பது மற்றொன்று. முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வில், முதல் வகை நடிப்பு மனச்சோர்வோடும் உடல் உபாதைகளோடும் சேர்ந்தே காணப்பட்டது. இரண்டாவதில் அந்தத் தொடர்பு ஏறத்தாழ இல்லை. கலாசாரம் பற்றிய ஆய்வுகளும் இங்கே உதவுகின்றன. டாமி இங்கிலிஷ், செரீனா சென் இருவரும் 2011இல் காட்டியது: கிழக்காசிய வம்சாவளி அமெரிக்கர்கள் பெற்றோரிடம் ஒரு விதமாகவும் நண்பர்களிடம் வேறு விதமாகவும் இருந்தபோது, அதனால் தாங்கள் போலி என்று உணரவில்லை. ஒரே உறவுக்குள் இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி என்று இருந்தால்தான் உறுத்தியது. மாமனார் முன் ஒரு குரல், தோழியிடம் ஒரு குரல், அலுவலகத்தில் ஒரு குரல் என்று வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் புதிது எதுவும் இருக்காது. மேற்கத்திய உளவியல்தான் வெகுகாலம் ஒரே குரலை நேர்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தது.

மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வு இந்த இழைகளைச் சேர்த்து முடியவும் உதவுகிறது, முன்பு சொன்ன ஒன்றைச் சிக்கலாக்கவும் செய்கிறது. 2019இல் ரோவன் ஜாக்ஸ்-ஹாமில்டன், ஜெஸ்ஸி சன், லூக் ஸ்மைலி மூவரும் ஒரு குழுவினரை ஒரு வாரம் முழுக்கக் கலகலப்பாக நடந்துகொள்ளச் சொன்னார்கள். சராசரியாகப் பார்த்தால் நன்மைதான்: உற்சாகம் கூடியது. ஆனால் இயல்பில் ஒதுங்கிய சுபாவம் உள்ளவர்களுக்கு அந்த நன்மை குறைவு. களைப்பு கூடியது, தாங்கள் அசலாக இல்லை என்ற உணர்வும் சேர்ந்தது. ஃப்ளீசன், வில்ட் கண்டதற்கு இது முரண்போலத் தெரியும். என் வாசிப்பில் முரண் இல்லை. அங்கே கூச்சக்காரர் கலகலப்பானது தானாக நேர்ந்த ஒரு வேளையில், தனக்குப் பிடித்த ஆட்களோடு இருந்திருக்கலாம். இங்கே அது ஏழு நாளும் இன்னொருவர் எழுதிக் கொடுத்த வேடம். மரபணுவின் சாய்வு இங்கே தன் பங்கைக் கேட்டு வாங்குகிறது. செருப்புக் கடிக்கும்போது குறை காலில் மட்டும் இல்லை, செருப்பில் மட்டும் இல்லை; கடிக்காதபோது இரண்டுமே நினைவுக்கு வருவதில்லை. அசலாக இருக்கும் உணர்வும் அந்த வகைதான். எதை மதிக்கிறோமோ அதன்படி நடக்க இடம் இருக்கிறதா, சாய்வுக்கு எதிராக எவ்வளவு நேரம் இழுக்கப்படுகிறோம், உண்மையைச் சொன்னால் அடி விழுமா என்பவற்றின் கூட்டுத்தொகை அது.

'நான் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுக் கடுஞ்சொல்லுக்கும் பொறுப்பின்மைக்கும் விலக்கு கேட்பவர்களுக்கு இந்தச் சான்றுகளில் அடைக்கலம் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். நேத்தன் ஹட்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆளுமையை மாற்ற விரும்பிய 377 மாணவர்கள் 15 வாரங்கள் சிறு சிறு பயிற்சிகளை எடுத்துக்கொண்டார்கள். செய்து முடித்தவர்களின் குணம் விரும்பிய திசையில் நகர்ந்தது. ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்கள் சில குணங்களில் எதிர்த்திசையில்கூட நகர்ந்தார்கள். இங்கே வேடம் மாணவர்கள் தாங்களே தேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு ஆய்வும் ஒரு பலவீனத்தைப் பகிர்ந்துகொள்கிறது: அசல் உணர்வை அளக்க, 'எவ்வளவு அசலாக உணர்கிறீர்கள்' என்று கேட்பதைத் தவிர வேறு வழி இதுவரை இல்லை. உள்நோக்கு நம்பத்தகாதது என்று சொல்லிவிட்டு அதையே அளவுகோலாக வைக்கிறோம் என்று ஒருவர் சிரிக்கலாம். இதே சிரிப்பு நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் எழும்போது அது சிரிப்பாக நிற்பதில்லை. மனிதர்களுக்குத் தங்களைப் பற்றியே சரியாகத் தெரியாது என்றால், ஒருவர் தன்னைத் திருநங்கை என்று சொல்வதை அரசு ஏன் அப்படியே நம்ப வேண்டும்? லுண்ட் ஆய்வை மீண்டும் ஒருமுறை கவனமாகப் பார்த்தால் இந்தக் கேள்வியின் ஓட்டை தெரியும். பங்கேற்றவர் தன் காரணத்தைத் தவறாகச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அவருக்கு யார் மேல் ஈர்ப்பு என்பதை அவரைவிட ஆய்வாளர் நன்றாக அறிந்திருந்தார் என்று அங்கே எதுவும் நிரூபணமாகவில்லை. அவருடைய முதல் தேர்வை ஆய்வாளர்களே சரியான விடையாக எடுத்துக்கொண்டுதான் மாற்றத்தையே அளந்தார்கள். உள்ளிருந்து பார்ப்பவரின் கண் மங்கல் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவரின் கண் தெளிவாகிவிடாது. நியூமன் குழுவின் ஆய்வு காட்டியபடி, வெளியிலிருந்து பார்ப்பவர் தன் விருப்பத்தையே அங்கே காண்கிறார்.

2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், ஒருவரின் பாலின அடையாளத்தை அவரே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. ஆண் என்றோ பெண் என்றோ மாற்றி எழுத வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கு மருத்துவமனையின் சான்றும் வேண்டும், அது சரியானதுதான் என்று ஆட்சியருக்கு மனநிறைவு ஏற்படவும் வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் ஏழாவது பிரிவு எழுதி வைத்தது.